குறுக்கே யாரும் கேட்காத பேச்சு

ஏப்ரல் 2, வியாழன்

சீனி கொஞ்சம் கூட. நேற்றுப் பாணுக்கு அரைத்த சம்பல் நன்றாக அமைந்துவிட்டது, பாண் துண்டில் கை நிற்கவில்லை. கிளினிக்கில் இந்தக் கொப்பியைத் தந்தது இரத்தத்தில் சீனி அளவு எழுதத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் வெறும் இடம் நிறையக் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதை யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆனாலும் வெறும் தாளைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மே பதினாலு. என் மகன் நிமலன் லண்டன் பாராளுமன்றத்திலிருந்து இரவு ரயில் பிடித்து, காலையில் நேரே என்னிடம் வந்தான். கில்மாராவுக்கு அவன்தான் எம்.பி. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், மழையும் கடலும் ஒன்றாகக் கலந்து கிடக்கிற சிறிய ஊர் இது. என் கணவர் இங்கே பஸ் கம்பனியில் வேலை செய்தார். அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்கள் இன்று அவர் மகனுக்கு வாக்குப் போடுகிறார்கள்.

எல்லாரும் அல்ல. முதல் தடவை அவன் நின்று தோற்றபோது, இறைச்சிக்கடைக்கார டொனால்ட், "உங்கட ஊரிலை போய் நில்லுங்கோ" என்ற கருத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தானாம். ஐலீன், என் மருமகள், அதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கடையில் ஒரு எலும்புத் துண்டுகூட நான் வாங்கியதில்லை. இரண்டாம் தடவை வென்றான். மூன்றாம் தடவையும் வென்றான். தீவுக்குப் போகிற கப்பலை நிறுத்தப் பார்த்தார்கள், மூன்று வருஷம் சண்டை பிடித்து நிறுத்த விடாமல் செய்தான். இந்தமுறை கட்சி வென்றால் மந்திரியாக்குவார்களாம்.

"அம்மா, ஒரு சின்ன வீடியோ எடுக்கவேணும். நீங்கள் கதைக்கிற மாதிரி. தமிழிலையே கதையுங்கோ, கீழை இங்கிலீசிலை எழுத்து ஓடும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ரோரி எழுதிக்கொண்டு வருவான். இந்தமுறை கஷ்டம் அம்மா. உங்களை எல்லாருக்கும் பிடிக்கும்."

உண்மைதான். கடையில், பஸ் தரிப்பில், முன்பின் தெரியாத பெண்கள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து என்னவோ சொல்லிக் கண் கலங்குவார்கள். கணவனை இழந்தவள் என்று இரங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நல்ல சனம்.

அவன் முதன்முதல் வென்றபோது உலகம் முழுவதிலுமிருந்து வாழ்த்து வந்தது. கனடாவில் இருக்கிற கனகேஸ்வரியைத் தவிர. என் கணவரின் ஒரே தங்கச்சி, அங்கே மறுகலியாணம் செய்து ஒரு மகளோடு இருக்கிறாள். சொந்த மருமகன் எம்.பி. ஆகிறான், ஒரு போன் இல்லை. அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் எடுப்பதில்லை. ஆறு வருஷம். எரிச்சல், வேறென்ன?

ஏப்ரல் 5, ஞாயிறு

மத்தியானம் ரோரி வந்தான். நிமலனின் தேர்தல் வேலையெல்லாம் பார்க்கிற பொடியன். முப்பது வயதிருக்கும், எப்போதும் நனைந்த தலை. லண்டனில் யாரிடமோ கொடுத்துத் தமிழில் எழுதுவித்த தாளைத் தந்தான். வடை கொடுத்தேன், நாலு தின்றான். அவன் போன பிறகு கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வாசித்தேன்.

"எனக்கு அப்போது இரண்டு வயது மகன். போரிலிருந்து தப்பி இருட்டில் படகில் போனோம். கடற்படையின் வெளிச்சம் எங்களைத் தேடியது. என் மகன் அழத் தொடங்கினான். நான் அவன் வாயை என் கையால் பொத்தினேன். அன்று நான் பொத்திய வாய்தான் இன்று உங்களுக்காகப் பேசுகிறது."

வேறு யாருடைய தாளையோ மாறித் தந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே என் பெயர் இருந்தது.

எந்தப் படகு? நானும் நிமலனும் கொழும்பிலிருந்து பிளேனில் வந்தோம். என் கணவர் முன்னாலேயே இங்கே வந்து விசா எடுத்து அனுப்பியிருந்தார். யன்னல் பக்கத்து இருக்கை. பிளேன்காரப் பெண் கொடுத்த இனிப்பையெல்லாம் தின்று, என் மாம்பழ மஞ்சள் கூறைச் சேலையில் சத்தியெடுத்தான். பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவர் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தார். நீலக் கரை போட்ட லேஞ்சி. வெளியே வந்தபோது என் கணவர் கறுப்புக் கோட்டோடு நின்றார், நிமலன் தகப்பனை அடையாளம் தெரியாமல் அழுதான். அந்த அழுகையை யாரும் பொத்தவில்லை.

படகில் போனவள் கனகேஸ்வரி.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. ஆறு வருஷத்துக்கு முன் பாராளுமன்றத்தில் நிமலன் முதல்முதல் பேசியபோது என்னைப் பார்வையாளர் மாடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருத்தினார்கள். இங்கிலீஸ் எனக்குக் கடைக்குப் போகிற அளவுக்குத்தான். அவன் பேசுகிறான், கீழே ஒரு சத்தமில்லை, பிறகு எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஐலீன் அழுகிறாள். தாயைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறான் என்று நானும் தலையை ஆட்டிச் சிரித்தேன். கும்பிடுகூடப் போட்டேன்.

கும்பிடு போட்டேன். கடவுளே.

ஏப்ரல் 6, திங்கள்

சீனி பார்க்கவில்லை. கடைக்குப் போகவில்லை. யாராவது கையைப் பிடித்தால் என்ன செய்வது?

ஏப்ரல் 9, வியாழன்

நிமலன் வந்தான். வீடு வீடாகத் தாள் போட்டதில் விரலில் நாய்க் கடி. தபால் ஓட்டைக்குள் கையை விட்டால் உள்ளே நாய் காத்துக்கொண்டு நிற்குமாம். மஞ்சள் பூசி, துணி சுற்றிவிட்டு, தாளை முன்னால் வைத்தேன்.

அவன் பார்க்கவேயில்லை. நாற்பது தாண்டிய ஆள், டை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன்போல இருந்தான்.

"அங்கை ஒரு வழமை இருக்கு, அம்மா. முதல் பேச்சுக்கு ஆரும் குறுக்கை கேக்க மாட்டினம். எதிர்க்கட்சியும் கேக்காது. கன்னி உரை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பினம். ஆராவது எழும்பி, 'இது உண்மையோ' எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அண்டைக்கே தடுமாறியிருப்பன்."

"அப்ப பிழை அவையிலையோ?"

"இல்லை. கப்பலைப் பற்றித்தான் எழுதி வைச்சிருந்தன். ஊரைப் பற்றி, மீன் பிடிக்கிறவையைப் பற்றி. ஒருத்தரும் கவனிக்க மாட்டினம் எண்டு தெரியும். அதாலை பேச்சுக்கு முந்தின இரவு படகுக் கதையை எழுதினன். எழுதேக்கை என்ரை கதை மாதிரியே கிடந்தது."

"உனக்கு அந்தக் கதையை ஆர் சொன்னது?"

அப்போதுதான் நிமிர்ந்தான்.

"ஆரோ? நீங்கள்தான். மாமியின்ரை கடிதம் வந்தால், போன் வந்தால், அப்பா அவவுக்கு என்னவும் அனுப்பினால், உடனை சொல்லுவியள். 'தன்ரை பிள்ளையைத் தானே சாகடிச்சவள்' எண்டு. நான் கட்டிலிலை படுத்திருந்து கேக்கிறனான். என்ரை வயசுப் பொடியன். ஒவ்வொரு தரமும் அவன் சாவான். என்ரை பேச்சிலை எண்டாலும் அவன் பிழைக்கட்டும் எண்டு விட்டன்."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பிறகு அவன் இந்தத் தேர்தலைப் பற்றிச் சொன்னான். எதிரில் நிற்கிறவள் கெட்டிக்காரி. தோற்றால் கப்பலையும் நிறுத்திவிடுவார்களாம். இப்போது போய் அந்தக் கதை பொய் என்றால் எல்லாம் போய்விடும்.

"இந்த ஒரு தரம் மட்டும் அம்மா. தாளிலை இருக்கிறதை மட்டும் சொன்னாக் காணும்."

கை வீங்கியிருந்தது. என் பிள்ளையின் கை. சரி என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. புஸ்பராணி தன் காரில் கிளாஸ்கோ கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தப் பக்கத்தில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவள். வாயை மூடமாட்டாள், ஆனால் கார் வைத்திருக்கிறாள். கோயிலில் எல்லாரும், "நிமலனை வெல்லப் பண்ணவேணும் அக்கா, எங்கட ஆள் மந்திரியாகவேணும்" என்றார்கள். பிரசாதத்தைத் தின்னாமல் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

கனகேஸ்வரியின் பிள்ளைக்குக் கோகுலன் என்று பெயர். நிமலனுக்கு இரண்டு மாதம் இளையவன். ஐப்பசி மாதம், நல்ல மழையில் பிறந்தான். நான்தான் முதல் தண்ணி வார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். இரண்டையும் ஒரே பாயில் போட்டால் நிமலன் அழுவான், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் கொழும்புக்குப் புறப்பட்டு ஒரு மாதத்தில் எங்கள் பக்கம் ஆமி வந்தது. கனகேஸ்வரி பிள்ளையோடு இந்தியாவுக்குப் படகேறினாள். புருஷன் ஏற்கெனவே காணாமல் போயிருந்தான். படகில் முப்பது பேர். வெளிச்சம் வந்தபோது பிள்ளை அழுதது. எல்லாரும், "பொத்து, பொத்து" என்றார்கள். வெளிச்சம் போய்விட்டது. அவள் கையை எடுத்தபோது பிள்ளை அழவில்லை.

இது கனகேஸ்வரி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. "மச்சாளுக்குச் சொல்ல வேண்டாம்" என்றும் எழுதியிருந்தாள். ஏன் எனக்குச் சொல்லக்கூடாது? அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

வீடியோ எடுத்தார்கள். ரோரியும் கமராக்காரப் பெண்ணும். நிமலன் வருவதாக இருந்தது, தீவில் ஏதோ கூட்டம், கப்பல் தாமதம், வரவில்லை. கதிரையை யன்னலோரம் போட்டார்கள். சாமிப்படம் தெரியவேண்டும் என்று இழுத்து வைத்தார்கள்.

தாள் மடியில் இருந்தது. கண்ணாடி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. போய் எடுத்திருக்கலாம். கமராவையும் லைட்டையும் பூட்டிவிட்டு, "ரெடி அம்மா" என்று நிற்கிறார்கள், பிறகு எழும்பி நடப்பது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஒரு சொல் விளங்காமலே ரோரி அழுதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று வீடியோ வெளியே போனது. பின்னேரம் புஸ்பராணி போன் எடுத்தாள். வழமையாக மூச்சு விடாமல் கதைக்கிறவள், தொடங்க வழி தெரியாமல் நின்றாள்.

"அக்கா, என்ன அக்கா சொல்லிப்போட்டியள்!"

"ஏன், என்ன?"

"கீழை இங்கிலீசிலை ஒண்டு ஓடுது. உங்கட வாய் வேறை ஒண்டு சொல்லுது. 'என்ரை மகன் படகிலை வரேல்லை, பிளேனிலை வந்தவன்' எண்டு சொல்லுறியள். 'படகிலை போனது என்ரை மனுசன்ரை தங்கச்சி கனகேஸ்வரி. பொத்தினது அவளின்ரை கை. செத்தது அவளின்ரை பிள்ளை கோகுலன். என்ரை மகன் அதை எடுத்துத் தன்ரை எண்டு சொல்லிப்போட்டான்' எண்டு சொல்லுறியள். தமிழ்ச் சனம் முழுக்கப் பாத்திட்டுது. கனடாவிலை, லண்டனிலை. கீழை எழுதினவனுக்குத் தமிழ் தெரியாதோ அக்கா?"

தெரியாது. இங்கிலீஸ் தாள் ஏற்கெனவே கையில் இருந்தது, அதை அப்படியே ஒட்டிவிட்டார்கள்.

இங்கே எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பதால், சாமிக்கு முன்னால் நின்று தனியே கதைப்பதுபோல இருந்தது. அவ்வளவுதான். வேறொன்றும் நினைக்கவில்லை.

கனகேஸ்வரியின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 25, சனி

நிமலனும் ஐலீனும் ரோரியும் வந்தார்கள். ரோரி வடையைத் தொடவில்லை.

"நானும் பாத்தனான் அம்மா, வெளியிலை விட முந்தி. ரயிலிலை, சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு. எழுத்தை மட்டும் வாசிச்சன்." நிமலன் சிரித்தான், சிரிப்பு மாதிரி இல்லை. "ஏனம்மா தாளிலை இருந்ததைச் சொல்லேல்லை?"

"கண்ணாடி இல்லை மோனை."

"உங்களுக்கு அந்தக் கதைக்குக் கண்ணாடி தேவையோ?"

ஒரு பேப்பர்காரன் யாரையோ பிடித்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறானாம். திங்கட்கிழமை போடப்போகிறான். ரோரி நெடுநேரம் இங்கிலீசில் பேசினான். ஐலீன் எழுந்து யன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன், என்ன சொல்கிறான்?

"உங்களுக்கு வயசு போட்டுது, ஞாபகம் தடுமாறுது, ரெண்டு பிள்ளையளின்ரை கதையையும் கலந்துபோட்டியள் எண்டு கட்சி ஒரு அறிக்கை விடும்." நிமலன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அப்படிச் சொன்னால் ஆரும் மேற்கொண்டு கிளற மாட்டினம். மாமியையும் தேடிப்போக மாட்டினம்."

என் ஞாபகம்! இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியும் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று சொல்வேன். நிமலனுக்கு எந்தப் பல் எந்தக் கிழமை விழுந்தது என்று சொல்வேன். படிப்பில்லை, இங்கிலீஸ் இல்லை, அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

ஆனால் கனகேஸ்வரியைத் தேடிப்போக மாட்டார்கள் என்றான். அவள் பெயரை வெளியே போட்டது நான்தானே.

"உன்ரை விருப்பம்" என்றேன்.

ஏப்ரல் 29, புதன்

பேப்பரில் வந்துவிட்டது, கட்சி அறிக்கையும் சேர்த்து. என் படத்தோடு.

மருந்துக்கடையில் அந்தப் பெண், பத்து வருஷமாக எனக்கு மருந்து தருகிறவள், இன்று காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல உரக்க, மெதுவாக, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று விரலால் காட்டினாள். பஸ்காரன் என் தரிப்பு வந்ததும் தானே இறங்கிவந்து கையைப் பிடித்து விட்டான். எல்லாருக்கும் இரக்கம். அடுத்த வீட்டுக் கிழவி சூப் கொண்டுவந்து, அடுப்பை அணைத்துவிட்டேனா என்று எட்டிப் பார்த்தாள்.

எட்டிப் பார்த்தாள்! போன கார்த்திகையில் தன் திறப்பை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு என் வீட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்தவள்.

மே 3, ஞாயிறு

கதவைத் தட்டினார்கள். ஒரு பேப்பர்காரி, அவளோடு லண்டனிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. யாழ்ப்பாணத்துத் தமிழ்தான், நல்ல மரியாதை.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. கனகேஸ்வரி எண்டு ஆரைச் சொன்னனீங்கள்? உங்கட ஆக்களோ?"

நிமலன் நேற்றுத்தான் போனில், இரண்டு நாளாகச் சனம் மறுபடி கதவைத் திறந்து கதைக்கிறது, எல்லாம் திரும்புகிறது என்று சொன்னான்.

"கனகேஸ்வரியோ? ஆர் பிள்ளை அது? எனக்கு ஒண்டும் நினைவில்லை."

"கோகுலன்?"

"தெரியாது."

அந்தப் பிள்ளை என் தோளைத் தடவி, "பறவாயில்லை அம்மம்மா" என்றாள். கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன். முதல் தண்ணி வார்த்த கை இது.

மே 5, செவ்வாய்

இன்று போன் அடித்தது. கனடா.

"மச்சாள், நான் கனகு."

ஆறு வருஷத்துக்குப் பிறகு. என் வாயில் வந்தது, "இப்பத்தான் நம்பர் கிடைச்சுதோ?" என்பதுதான். பிறந்த குணம், எங்கே போகும்?

அவள் கோபிக்கவில்லை.

"நிமலன்ரை முதல் பேச்சை ஆரோ அனுப்பினவை, மச்சாள். கேட்டனான். என்ரை பிள்ளை வளந்து, கோட்டுப் போட்டு, இங்கிலீசிலை பேசின மாதிரிக் கிடந்தது. கோவம் வரவேணும் எல்லோ? வரேல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டன். அதுதான் பயமாக் கிடந்தது. உங்களோடை கதைச்சால் அதைச் சொல்லிப்போடுவன் எண்டுதான் எடுக்கேல்லை."

நான் எரிச்சல் என்று எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில். அழிக்க மாட்டேன், கிடக்கட்டும்.

"பேந்து உங்கட வீடியோ வந்துது" என்றாள். "எல்லாருக்கும் முன்னாலை என்ரை கையைப் பற்றிச் சொன்னியள். இஞ்சை என்ரை மகளுக்கே தெரியாது, மச்சாள். அவள் வேலையாலை வந்து என்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டாள். சொல்ல முந்தி ஒருக்கால் என்னைக் கேட்டிருக்கலாம். நீங்கள் ரெண்டுபேரும் கேக்கேல்லை."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள் நிறுத்தவில்லை.

"ஆனா அவன்ரை பேரைச் சொன்னியள். கோகுலன் எண்டு. இன்னொரு வாயாலை அந்தப் பேரைக் கேட்டு எத்தினை வருஷம். இப்ப பேப்பரிலை என்னெண்டால், உங்களுக்கு அறளை பேந்திட்டுதாம், ஞாபகம் இல்லையாம், கதையைக் கலந்துபோட்டியளாம், அப்படி ஒருத்தரும் இல்லையாம். அப்ப என்ரை பிள்ளை பிறக்கவே இல்லையோ, மச்சாள்?"

"ஐப்பசியிலை பிறந்தவன்" என்றேன். "மழை. பின்வளவிலை வெள்ளம். இடது காதுக்குப் பின்னாலை மச்சம். கரும்பச்சைக் கோடு போட்ட சட்டை ஒண்டு நான் தைச்சுத் தந்தனான், கழுத்து இறுக்கம் எண்டு நீ பேசினனி."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். நான் சொல்லிக்கொண்டே போனேன். அவன் முதலில் சொன்ன சொல், கோழிக்குஞ்சுக்குப் பின்னால் தவழ்ந்தது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கேட்டேன். "இப்ப கேக்கிறன், கனகு. அவன் இருந்தவன் எண்டு நான் சொல்லட்டோ?"

அங்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ. படகிலை செத்தவன் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும் காணும்."

"அவ்வளவும் காணும்" என்றேன்.

மே 9, சனி

இதை நடந்தபடி எழுதவேண்டும்.

பழைய தேவாலய மண்டபத்தில் வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில் இருந்து ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கூட்டம். யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போனேன். முன்வரிசையில் இருந்த ஐலீன் திரும்பிப் பார்த்து வெளிறிப்போனாள். மண்டபம் நிறைந்திருந்தது. நனைந்த கோட்டு மணம்.

கப்பலைப் பற்றிக் கேட்டார்கள், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார்கள். நிமலன் நன்றாகச் சொன்னான், கை தட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன். கூட்டத்தை நடத்திய பாதிரியாருக்கு என்னைத் தெரியும். பாவம் என்று நினைத்து மைக்கை அனுப்பினார்.

எழுந்து தமிழில் சொன்னேன்.

"என்ரை பேர் தையல்நாயகி. எனக்கு அறளை பேரேல்லை. என்ரை மகன் வந்தது பிளேனிலை, என்ரை மடியிலை. படகிலை போனது அவன்ரை மாமியும் மாமியின்ரை மகன் கோகுலனும். கோகுலன் படகிலை செத்துப்போனான். அவன் இருந்தவன். அவனைத் தெரியாது எண்டு நான் சொன்னது பொய். அவ்வளவுதான்."

யாருக்கும் விளங்கவில்லை. பாதிரியார் சுற்றிப் பார்த்தார். தமிழ் தெரிந்த யாராவது உண்டா என்று கேட்டார் போலும். எல்லாத் தலையும் மேடையைப் பார்த்தது. அந்த மண்டபத்தில் என்னை விட்டால் தமிழ் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

நிமலன் என்னைப் பார்த்தான். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மா எல்லாருக்கும் நன்றி சொல்கிறார் என்று சொல்லலாம். எல்லாரும் கை தட்டியிருப்பார்கள், நானும் தலையை ஆட்டியிருப்பேன் என்றுகூட நினைத்திருப்பான். ரோரி சுவரோரம் நின்று மெல்லத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

"சொல்லு, மோனை" என்றேன். மைக்கில் கேட்டது.

அவன் எழுந்தான். தண்ணி குடித்தான். பிறகு சொன்னான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "பிளேன்" என்ற சொல் வந்தது. "மை ஆன்ட்" வந்தது. அதன் பிறகு, அந்த இங்கிலீஸ் எல்லாவற்றுக்கும் நடுவில், எங்கள் ஊர் உச்சரிப்பு கெடாமல், கோகுலன் என்று வந்தது.

நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னான். மீதியைப் பிறகு ஐலீன் எனக்கு விளங்கும் சின்ன இங்கிலீசில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என் ஞாபகம் தடுமாறுகிறது என்று கட்சி சொன்னது தனக்குத் தெரிந்து சொன்ன பொய் என்றானாம். "என் முதல் பேச்சுக்கு யாரும் குறுக்கே கேட்கக்கூடாது என்பது வழமை. இன்றைக்கு அந்த வழமை இல்லை, கேளுங்கள்" என்றானாம்.

கேட்டார்கள். முதலில் எழுந்தது டொனால்ட்தான். ஒருத்தன் கத்தினான். ஒரு பெண் அழுதுகொண்டு, என் பிள்ளையை வைத்துக்கொண்டு உன் பேச்சைக் கேட்டு அழுதேனே என்றாளாம். நிமலன் இருக்கவில்லை, நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கழுத்து சிவந்து, கை மேசையைப் பிடித்தபடி. நானும் இருக்கவில்லை. அவன் நிற்கும்போது நான் எப்படி இருப்பது?

யாரும் கை தட்டவில்லை. வெளியே வந்தபோது எனக்கு வழி விட்டார்கள், அகலமாக.

மே 10, ஞாயிறு

அரிசி முடிந்துவிட்டது. புஸ்பராணிக்குப் போன் எடுக்க வெட்கம். கஞ்சி.

மே 14, வியாழன்

வாக்குப் போடப் போனேன். பள்ளிக்கூடத்தில் பெட்டி. ரோரி வாசலில் கட்சிப் பூக் குத்திக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை, "குட் மோர்னிங், அம்மா" என்றான். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

தட்டிக்குப் பின்னால், நூலில் கட்டிய பென்சில். ஆறு பெயர். மகனின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு இங்கிலீஸ் தேவையில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கும்வரை நின்றேன்.

மே 15, வெள்ளி

தோற்றுவிட்டான். காலையில் ஐலீன் போனில் சொன்னாள். நல்ல தோல்வி, கொஞ்ச நஞ்சமல்ல.

மத்தியானம் அவன் தனியே வந்தான். டை இல்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன், முழுவதும் சாப்பிட்டான். பிறகு கனகேஸ்வரியின் நம்பரைக் கேட்டான். முன்னறையில் இருந்து எடுத்தான். நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கதவைச் சாத்துவது அவனுக்குப் புதினம், திரும்பிப் பார்த்தான். "மாமி, நான் நிமலன்" என்றது மட்டும் கேட்டது. பிறகு குழாயைத் திறந்துவிட்டேன்.

நெடுநேரம் கழித்து வந்து மேசையில் இருந்தான். கண் சிவந்திருந்தது.

"அவளை நினைச்சால் கவலையில்லை, கெட்டிக்காரி, நல்லாத்தான் செய்வாள்" என்றான், வென்றவளைப் பற்றி. "கப்பலைத்தான் யோசிக்கிறன்."

"நீ இல்லாட்டிக் கப்பல் கடலிலை தாண்டு போகாது."

சிரித்தான். அப்புறம், சின்னப் பிள்ளைபோலத் தட்டில் விரலால் கோடு கீறிக்கொண்டு கேட்டான்.

"அம்மா, நேற்று நீங்கள் எனக்குப் போட்டியளோ?"

"அது ரகசிய வாக்கு. சட்டம் செய்யிற இடத்திலை இருந்தனி, உனக்குத் தெரியாதோ?"

"எனக்குக்கூடச் சொல்ல மாட்டியளோ?"

"மாட்டன்."

அவன் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். சொல்லவில்லை. இந்தக் கொப்பியிலும் எழுத மாட்டேன். வாழ்நாளில் ஒன்றையாவது சொல்லாமல் வைத்திருக்க எனக்கும் தெரியட்டும்.